முகத்தை முந்திய தொப்பி

1826ஆம் ஆண்டுவாக்கில் சார்ல் டி ஸ்டூபென் என்ற ஓவியர் ஒரு படம் தீட்டினார். எட்டுத் தொப்பிகள், அவ்வளவுதான். முகம் கிடையாது, தோள் கிடையாது, கை கால் எதுவும் கிடையாது. இரண்டு முனைகள் கொண்ட கறுப்பு ராணுவத் தொப்பி எட்டு முறை, எட்டு நிலைகளில் வரையப்பட்டிருக்கிறது. படத்தின் பெயர் 'எட்டுத் தொப்பிகளில் நெப்போலியனின் வாழ்க்கை'. இளம் தளபதியாகத் தலையெடுத்த நாளில் தொடங்கி, செயின்ட் ஹெலினா தீவில் கண்மூடியது வரை ஒரு மனிதனின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தொப்பியை வைத்தே சொல்லி முடித்துவிட்டார் ஸ்டூபென். அது கல்லச்சிலும் பதிப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் பென்சிலில் முகம் வரைகிறவன். முதலில் கண், அடுத்து மூக்கு, வாய், அதன் பிறகுதான் மற்றதெல்லாம் என்று பழகிய கை என்னுடையது. அதனாலேயே இந்தப் படம் என்னை விடுவதில்லை. உருவப்படம் என்றாலே முகம்தான் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்குள் எல்லோரும் வருகிறோம். ஆனால் ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்த ஒருவருடைய உருவப்படத்தில் முகத்தையே எடுத்துவிட்டாலும் அது உருவப்படமாகவே நிற்கிறது. அந்த ஆண்டுகளில் பிரான்சில் நடந்தது போர்போன் மன்னர்களின் ஆட்சி. வீழ்ந்த பேரரசரின் சின்னங்களை வெளிப்படையாகக் கொண்டாடுவது ஆபத்தான காரியம். அப்படிப்பட்ட காலத்தில் முகம் செய்ய வேண்டிய வேலையைத் தொப்பி செய்தது. இந்த நிலைமை தானாக வந்துவிடவில்லை. அணிந்தவரும் வரைந்தவர்களும் சேர்ந்து இருபத்தைந்து ஆண்டுகளாக உருவாக்கியது அது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பீவர் என்ற விலங்கின் ரோமத்தை நனைத்து, அழுத்தி, கெட்டித்துச் செய்த ஃபெல்ட்தான் தொப்பியின் உடம்பு. வட்டமான அகன்ற விளிம்பை முன்னும் பின்னும் மேலே மடித்துத் தைத்தால் இரு பக்கமும் முனைகள் வரும். பாரிஸின் பாலே ரொயால் பகுதியில் கடை வைத்திருந்த புபார் என்பவர்தான் நெப்போலியனுக்குத் தொப்பி செய்து கொடுத்தவர். ஆட்சியில் இருந்த காலத்தில் நெப்போலியன் ஏறத்தாழ 120 தொப்பிகள் பயன்படுத்தியதாகக் கணக்கிடுகிறார்கள். இன்று அவற்றில் எஞ்சியிருப்பவை இருபது அளவில்தான்.

இருமுனைத் தொப்பி அவருக்கு மட்டுமே உரியதும் அல்ல. அந்தக் காலத்து அதிகாரிகள் அத்தனை பேரும் அதைத்தான் அணிந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் ஒரு முனை நெற்றிக்கு முன்னாலும் மற்றது பிடரிக்குப் பின்னாலும் இருக்குமாறு வைத்துக்கொண்டார்கள். நெப்போலியன் அதைத் தோளுக்கு இணையாகக் குறுக்கே வைத்தார். அலங்காரத்திலும் அவர் வேறுபட்டார். 1804 மே மாதம் பதினெட்டுத் தளபதிகளுக்கு மார்ஷல் என்ற உயர்ந்த ராணுவப் பட்டம் கொடுத்தார். அவர்கள் தலையில் தங்கச் சரிகையும் வெள்ளை இறகும் மின்னின. அவர்கள் நடுவே பேரரசர் நின்றபோது அவர் தொப்பியில் சரிகை இல்லை, இறகும் இல்லை. ஓரத்தில் ஒரு சின்ன மூவண்ண வட்டு மட்டுமே இருந்தது. எல்லோரும் ஜொலிக்கும் இடத்தில் ஜொலிக்காமல் நிற்பவன்தான் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிராத ஆள் என்பதை அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அரசியலை விட்டுவிட்டு ஓவியக் கண்ணோடு மட்டும் பார்த்தாலும் இது அபாரமான முடிவு. பளபளப்புகளின் கூட்டத்தில் ஒரே ஒரு கருந்திட்டு. கண் அங்கேதான் போய் நிற்கும்.

வரைந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். இருமுனைத் தொப்பியை முன்னும் பின்னுமாக வைத்த ஒருவரை நேர் எதிரில் இருந்து வரைந்தால், தொப்பி குறுகலாக, தலைக்கு மேல் எழும்பிய ஒரு முக்கோணமாகத் தெரியும். முகத்துக்கு உயரம் கிடைக்கும், அகலம் கிடைக்காது. அதையே குறுக்கே திருப்பி வைத்தால் முகத்துக்கு மேலே அகலமான கறுப்புப் பரப்பு ஒன்று விரிகிறது. அதன் கீழ்க்கோடு தோள்களின் கோட்டுக்கு இணையாக ஓடுகிறது. தோளும் தொப்பியுமாக இரண்டு கிடைக்கோடுகள், நடுவில் வெளிச்சமான ஒரு முகம். ஆள் அசையமாட்டான் என்ற உணர்வு அந்த இரண்டு கோடுகளிலேயே வந்துவிடுகிறது. முகத்தில் நீங்கள் இன்னும் ஒரு கோடு கூடப் போட்டிருக்கமாட்டீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தொப்பியின் முன்விளிம்பு மேலே மடிக்கப்பட்டிருப்பதால் நெற்றியில் பெரிய நிழல் விழாது. கண்கள் முழு வெளிச்சத்தில் இருக்கும். இருபதாம் நூற்றாண்டு ராணுவங்களின் முகப்பு வைத்த தொப்பியோ இதற்கு நேர் எதிரானது. அதன் கறுப்பு முகப்பு புருவத்துக்கு மேல் நீண்டு கண்ணை நிழலுக்குள் தள்ளுகிறது. அவர் நம்மைப் பார்க்கிறாரா இல்லையா என்பது நமக்குத் தெரியாது, நாம் பார்க்கப்படுகிறோம் என்று மட்டும் தெரியும். முகப்புத் தொப்பி அச்சத்தால் அதிகாரம் பெறுகிறது. இருமுனைத் தொப்பிக்குக் கண்ணை மறைக்கத் தேவையே இல்லை. நேருக்கு நேர் பார்த்தே அது காரியத்தை முடிக்கிறது. வரைவதற்கும் இரண்டும் வேறு வேறு. முகப்புத் தொப்பியில் பாடுபட வேண்டிய இடம் புருவத்தில் விழும் நிழலின் கீழ்விளிம்பு. அது கூர்மையாக இருந்தால் நண்பகல் வெயில், மங்கலாக இருந்தால் அறை வெளிச்சம். இருமுனைத் தொப்பியிலோ கறுப்புப் பரப்பைச் செத்துப்போகாமல் காப்பதுதான் பாடு. மிகக் கறுப்பாக எழுதும் 6பி பென்சிலை எடுத்து அழுத்தித் தேய்த்தால் காகிதத்தில் ஓட்டை விழுந்ததுபோல் ஆகிவிடும். ஃபெல்ட் துணிக்கு மினுக்கம் குறைவு என்றாலும் மடிப்பின் மேல்விளிம்பில் சன்னமான ஒரு வெளிச்சம் நிற்கும். அதை விட்டுவைத்து, சுற்றிலும் அதைவிடக் கறுப்பு குறைந்த 2பியில் அடுக்கடுக்காக நிழல் ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

ராணுவத் தலைக்கவசத்தையும் தொப்பியையும் வரையக் கற்பவர்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்வேன். தொப்பி தலைக்கு மேல் உட்காரும் பொருள் அல்ல, தலையை உள்ளே வாங்கிக்கொள்ளும் பொருள். முதலில் மண்டையோட்டின் வளைவை மெல்லிய கோட்டில் முழுதாகப் போடுங்கள், அதைச் சுற்றித் தொப்பியின் வாயை நீள்வட்டமாகப் போடுங்கள், பிறகு உள்ளே மறையும் கோட்டை அழியுங்கள். இதைச் செய்யாத படங்களில் எவ்வளவு பெரிய தளபதியும் மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளையாகத்தான் தெரிவார்.

இனி ஓவியர்களிடம் வருகிறேன். ஜாக்-லூயி தாவீத் வரைந்த, ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியனைப் பார்த்திராதவர்கள் குறைவு. ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸ் கேட்டு 1801இல் முதல் படம் முடிந்தது. பின்னால் அதே அமைப்பில் தாவீதும் அவரது பட்டறையும் செய்தவற்றையும் சேர்த்து மொத்தம் ஐந்து படங்கள். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை, காற்றில் பறக்கும் மேலங்கி, மேல்நோக்கி நீளும் கை. உண்மையில் 1800 மே மாதம் செயின்ட் பெர்னார்ட் கணவாயை அவர் கடந்தது கோவேறு கழுதை மேல். உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்டினார்.

தாவீத் நேரில் உட்காரச் சொல்லிக் கேட்டபோது நெப்போலியன் மறுத்துவிட்டார். பெரிய மனிதர்களின் படம் அவர்களைப் போலவே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, அவர்களது மேதைமை அதில் வாழ்ந்தால் போதும் என்ற பொருளில் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் ஓவியரின் மகன் ஏணி மேல் ஏறி உட்கார்ந்து மாதிரியாக இருந்தார். முகம் கிடைக்காத ஓவியருக்குக் கிடைத்தவை மாரெங்கோ போரில் அணிந்த சீருடையும் தொப்பியும்தான். அதாவது அந்தப் படத்தில் நெப்போலியனிடமிருந்து நேரடியாக வந்தவை துணிகள் மட்டுமே. அங்கே குதிரையின் பிடரி மயிர் பறக்கிறது, மேலங்கி பறக்கிறது. தொப்பி மட்டும் அசையாமல் இருக்கிறது. மலை உச்சியில் அடிக்கும் காற்றில் எந்தத் தொப்பி நிற்கும்? தாவீதுக்கும் அது தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் வைத்தார். புயலுக்கு நடுவே நிலைத்து நிற்கும் ஒன்றைக் காட்ட முகத்தைவிடத் தொப்பி அவருக்கு உதவியது.

அதே தாவீத் சில ஆண்டுகள் முன்னால், 1798 வாக்கில், தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரு படம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தளபதி போனபார்ட்டின் தலையும் தோளும் மட்டுமே தீட்டப்பட்டிருக்கின்றன. மற்ற இடமெல்லாம் வெறும் கித்தான். ஒரே ஒரு முறைதான் அவர் வந்து உட்கார்ந்தார். தலையில் எதுவும் இல்லை. ஒட்டிய கன்னம், நீண்ட முடி, பக்கவாட்டில் எங்கோ நிலைத்த பார்வை. என் மனதில் நெப்போலியன் படங்களிலேயே ஆகச் சிறந்தது இதுதான். உயிருள்ள ஆள் ஒருவரைப் பார்த்து வரைந்த கையின் அவசரம் ஒவ்வொரு தூரிகைத் தடத்திலும் இருக்கிறது. ஆனாலும் இதை ஒரு கிராமத்துச் சந்தையில் காட்டி யார் என்று கேட்டால் பதில் வராது. ஏணி மேல் உட்கார்ந்த பையனை வைத்து வரைந்த படத்தைக் காட்டினால் உடனே பதில் வரும்.

குரோ என்ற ஓவியர் வரைந்த ஏலோ போர்க்களம் (1808) வேறு மாதிரி. பனியில் உறைந்த பிணங்கள் முன்வரிசையில் குவிந்து கிடக்கின்றன. அருகில் ஆடம்பர உடையில் தளபதி மூரா குதிரை மேல் நிமிர்ந்திருக்கிறார். பேரரசர் வெளிறிய முகத்தோடு கையை உயர்த்துகிறார், தலையில் அலங்காரமில்லாத கறுப்புத் தொப்பி. இங்கே அந்த எளிமை இரக்கத்தின் அடையாளமாகக் காட்டப்படுகிறது. கொன்று குவித்த போருக்குத் தலைமை தாங்கியவரைத் துக்கம் விசாரிக்க வந்தவராக மாற்றுவதில் தொப்பிக்கும் பங்கு உண்டு. குரோவின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முன்வரிசைப் பிணங்களைப் பார்த்த பிறகு இந்த உத்தியை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

எதிரிகளுக்கும் அதே தொப்பிதான் ஆயுதம். லண்டனில் ஜேம்ஸ் கில்ரே 1805இல் வரைந்த கேலிச்சித்திரத்தில் பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையைப் புட்டிங் போல வெட்டிப் பங்கு போடுகிறார்கள். நெப்போலியன் குள்ளமாக இருக்கிறார், தலையிலோ இறகு வைத்த மாபெரும் தொப்பி. அவர் உண்மையில் அந்தக் காலத்துக்குச் சராசரி உயரம் உள்ளவர். குள்ளர் என்ற பெயரை உலகம் முழுக்கப் பரப்பியதில் இந்தக் கேலிச்சித்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தொப்பி பெரிதானால் ஆள் சிறிதாகிவிடுவான். இது ஓவியக் கணக்கு. தலைக்கும் தொப்பிக்கும் உள்ள விகிதத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும், அதே தொப்பி அதிகாரத்தைத் தராமல் பறித்துவிடும்.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்யும் தொப்பி ஒன்று உண்டென்றால் அது நேதாஜியுடையது. 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்ற பின்னான சீருடைப் படங்கள்தான் தமிழ்நாட்டுச் சுவர்களில் நிலைத்தன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம், அதனால் இங்கே அந்தப் படத்துக்கு வீட்டு உறவு உண்டு. நேதாஜி காங்கிரஸ் தலைவராக வேட்டி சட்டையில் இருக்கும் படங்களும் நிறையவே உள்ளன. பள்ளி ஓவியப் போட்டியில் எந்தப் பிள்ளையும் அவற்றை வரைவதில்லை. வட்டக் கண்ணாடி, ராணுவத் தொப்பி, அவ்வளவு போதும், முகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நடுவர் பெயர் சொல்லிவிடுவார்.

ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று இறந்துபோன ஒருவரின் படத்தை வரையச் சொல்லி அவரது மகன் என்னிடம் வந்திருந்தார், கூடவே அவருடைய அம்மாவும். மகன் கொண்டுவந்தது முகப்புத் தொப்பியோடு எடுத்த ஸ்டுடியோ படம். "தொப்பியில் இருக்கும் சின்னம் தெளிவாக வர வேண்டும் சார்" என்றார். அந்த அம்மா கைப்பையிலிருந்து வேறொரு படத்தை எடுத்தார், விடுமுறையில் வந்தபோது வீட்டு முற்றத்தில் எடுத்தது. "எங்கள் வீட்டில் அவர் தொப்பியோடு இருந்ததே இல்லை தம்பி. இதைப் பார்த்து வரையுங்கள்" என்றார். அந்தப் படத்தில் நெற்றியின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே வெயிலில் கறுத்த தோல், மேலே வெளுத்த தோல். தொப்பியின் பட்டை உட்கார்ந்த இடம். நான் முற்றத்துப் படத்தையே எடுத்துக்கொண்டேன். தொப்பியை மடியில், கையின் கீழே, சின்னம் வெளிப்பக்கம் தெரியுமாறு வைத்தேன். நெற்றிக்கோட்டையும் விடவில்லை. வெளிறிய கோடு விடும் 2எச் பென்சிலில் மேல் நெற்றியைக் காகித வெள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கீழ்ப்பகுதிக்கு எச்பியில் ஒரு அடுக்கு நிழல் கொடுத்தேன். மகனுக்குத் தயக்கம் இருந்தது. பிறகு சம்மதித்தார்.

தொப்பியைத் தலையிலிருந்து எடுத்து அருகில் வைப்பது என் கண்டுபிடிப்பு அல்ல, இத்தாலிய ஓவியர்கள் நன்றாகச் செய்து காட்டியது. தீட்சியன் வரைந்த உர்பினோ கோமகன் பிரான்செஸ்கோ மரியா கவசம் அணிந்து நிற்கிறார், தலைக்கவசம் பின்னால் தட்டில் இருக்கிறது. அதற்கும் முன்னால் பியரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த பலிபீட ஓவியத்தில், அதே உர்பினோவை ஆண்ட பெதரிகோ முழுக் கவசத்தோடு மாதாவின் முன் மண்டியிட்டிருக்கிறார். தலைக்கவசம் தரையில் இருக்கிறது, கைக்கவசமும் அங்கேதான். கடவுள் முன் கழற்றியது என்பதால் அதில் அவமானம் இல்லை. தலையில் இல்லாவிட்டாலும் அது அவருடையது என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

தரையில் கிடக்கும் தொப்பிக்கு வேறு பொருளைக் கொடுத்தவர் போல் டெலாரோஷ். 1814 மார்ச் 31, பாரிஸ் எதிரிகள் கையில். ஃபோந்தேன்புளோ அரண்மனையில் நெப்போலியன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறார். காலணியில் சேறு, உடம்பில் இன்னும் கழற்றாத சாம்பல் நிற மேலங்கி, பருத்த வயிறு. தொப்பி தரையில் கிடக்கிறது. யாரும் அதை மரியாதையாக வைக்கவில்லை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. டெலாரோஷ் இதை 1840இல் முதலில் வரைந்தார். லைப்சிக் அருங்காட்சியகத்தில் உள்ளது 1845ஆம் ஆண்டுப் படம். தொப்பி இல்லாத அந்தத் தலையில் முடி குறைந்து நெற்றி ஏறியிருக்கிறது. கண்ணுக்கும் தரையில் இருக்கும் கறுப்புத் திட்டுக்கும் நடுவே பார்வை மேலும் கீழுமாகப் போய்வருகிறது. ஆண்டுக்கணக்கில் ஓவியர்கள் தொப்பிக்குள் அடைத்துவைத்த அதிகாரம் முழுவதையும் அதோடு சேர்த்துக் கீழே இறக்கிவிட்டார் டெலாரோஷ். மிஞ்சியிருப்பவர் நாற்பத்துநான்கு வயதுக்காரர் ஒருவர், மிகவும் களைத்துப்போனவர். தாவீதின் முடிக்காத படத்துக்குப் பிறகு ஓர் ஓவியர் அவரை மனிதனாகப் பார்த்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டெலாரோஷ் முதல் படத்தை வரைந்த அதே 1840 டிசம்பரில், செயின்ட் ஹெலினாவிலிருந்து கொண்டுவரப்பட்ட உடல் பாரிஸின் அன்வலீத் என்ற ராணுவ மாளிகைக்கு வந்தபோது, சவப்பெட்டி மேல் வாளையும் தொப்பியையும் வைத்தார்கள். 2023 நவம்பரில் அவருடைய தொப்பிகளில் ஒன்று ஃபோந்தேன்புளோவில் ஏலத்துக்கு வந்தது. பத்தொன்பது லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

பாரிஸின் வான்டோம் தூண் உச்சியில் நிற்கும் சிலையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1810இல் அங்கே வைத்தது ரோமப் பேரரசர் வேடத்து நெப்போலியன். 1814இல் ஆட்சி மாறியதும் இறக்கிவிட்டார்கள். 1833இல் சேர் என்ற சிற்பி செய்த புதிய சிலை ஏறியது, மேலங்கியும் இருமுனைத் தொப்பியுமாக. முப்பது ஆண்டுகள் கழித்து தம்பி மகனான மூன்றாம் நெப்போலியன் அதை இறக்கச் சொல்லி மீண்டும் ரோம வேடத்தையே ஏற்றினார். வாகை மாலை சாதாரணத் தொப்பியைவிட உயர்ந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1871இல் பாரிஸைத் தங்கள் கையில் எடுத்த கம்யூன் புரட்சிக்காரர்கள் தூணையே சாய்த்தார்கள். பிறகு திரும்ப நிறுத்தியபோதும் ரோமர்தான் மேலே ஏறினார், இன்றும் அவரே நிற்கிறார். கீழிருந்து எடுத்த எந்தப் படத்தையும் பாருங்கள், அது அகஸ்டஸா சீசரா வேறு யாராவதா என்று சொல்ல முடியாது. இறக்கப்பட்ட சேரின் சிலை அன்வலீத் முற்றத்தின் மேல்மாடத்தில் இருக்கிறது. முகம் நிழலில் கிடக்கும் நேரத்தில் எடுத்த படத்தில்கூட, அந்தத் தொப்பியின் புறக்கோட்டைப் பார்த்துவிட்டு என் மாணவர்கள் பெயர் சொல்லிவிடுகிறார்கள்.